'நான் யார்?' என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் ஆன்ம விசாரமா, அதாவது 'நான்' என்பது என்ன என்று தனக்குள் ஆராய்வதா?

இல்லை. அது ஜபமாகிவிடும். திருவண்ணாமலை விருபாக்ஷ குகையில் தம்மிடம் கேள்வி கேட்ட அன்பர் சிவப்பிரகாசம் பிள்ளைக்கு ரமண மகரிஷி எழுதிக் காட்டிய வழி வேறு: ஓர் எண்ணம் எழுந்ததும் அதைத் தொடராமல் 'இது யாருக்கு?' என்று கேட்க வேண்டும். 'எனக்கு' என்று தோன்றும். உடனே 'அந்த நான் யார்?' என்று கவனத்தை அந்த 'நான்' உணர்வின் மேலேயே திருப்ப வேண்டும். விடை சொல்லக் கூடாது. 'நான் உடல் அல்ல, ஆன்மா' என்பதும் இன்னோர் எண்ணமே.

தொடக்கத்தில் 15 நிமிடம் போதும். கண்ணை மூடி, கையில் படும் சூடு, துடிப்பு, அழுத்தம் ஆகியவற்றை மட்டும் கவனியுங்கள். 'என் கை' என்ற படம் தனியாக வந்து ஒட்டிக்கொள்வது தெரியும். அதுவும் ஓர் எண்ணம்தான்; அங்கேயே 'இது யாருக்கு?' என்று கேளுங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கண்ணுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து பார்ப்பதுபோல் இருக்கும். அவரையே 'நான்' என்று பிடித்துக்கொள்வார்கள். பொறுமையாகப் பாருங்கள். பெரும்பாலும் அது நெற்றி, கண் தசைகளின் இறுக்கம். அதுவும் அறியப்படும் பொருள்தான். அதை அறிவது யாருக்கு என்று மறுபடி கேளுங்கள்.

தூக்கம் வந்தால் கண்ணைத் திறந்து செய்யுங்கள். உலகமே பொய்போல மரத்துப்போய் பயம் தொற்றினால் நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதை முன்னேற்றம் என்று எண்ண வேண்டாம்.