ரீச்சர் போட்ட பிழை

கேள்வி: எனக்கு 38 வயது, கோப்பாயில் இருக்கிறோம். பின்னேரங்களில் விறாந்தையில் அவரும் மாமாவும் அரசியல்தான் கதைப்பினம். நான் தேத்தண்ணி குடுத்திட்டு உள்ளே போய்விடுவேன். தேர்தலுக்கு அவர் துண்டில் எழுதித் தாறபடி புள்ளடி போடுவேன். தரம் 10 படிக்கிற மகள் போன கிழமை, “எங்கட மாகாண சபை உறுப்பினர் ஆர்?” எண்டு கேட்டாள். “தெரியாது, அப்பாட்டக் கேள்” எண்டேன். அவர் டக்கெண்டு ஒரு பெயர் சொன்னார், ரீச்சர் அதைப் பிழை போட்டிட்டா, அது வேற கதை. பொம்பிளையளுக்கு அரசியல் ஏறாதோ? நல்ல புத்தகம் ஒண்டு சொல்லுங்கோ.

பதில்: வேற கதையா, தங்கச்சி? உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது. 38 ஆசனங்கள். ஐந்து வருடத் தவணை 2018 ஒக்டோபரில் முடிந்தது. இதை எழுதும் வரை மறுபடி தேர்தல் இல்லை. ஆளுநரும் செயலாளர்களும்தான் நிர்வாகம். ஆகவே ‘ஒருவரும் இல்லை’ என்பதே விடை. உங்கள் கணவர் எந்தப் பெயரைச் சொல்லியிருந்தாலும் பிழைதான்.

அரசியல் அறிவை அளக்கும் ஆய்வுகளில் பல நாடுகளில் ஆண்களுக்குப் புள்ளி கூட வருகிறது. விடைத்தாளைக் கிட்டப் பார்த்தால், பெண்கள் ‘தெரியாது’ என்று கூடுதலாகச் சொல்கிறார்கள். ஆண்கள் தெரியாததற்கும் குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்கிறார்கள். நாலு விடையில் ஒன்றைக் கண்ணை மூடித் தொட்டாலும் நாலுக்கு ஒருதரம் சரிவரும். ‘தெரியாது’க்கு எப்போதும் பூச்சியம். அந்தத் தெரிவை எடுத்துவிட்டால் இடைவெளி சுருங்கும், ஆனால் இல்லாமல் போகாது. மிச்சம் விறாந்தையில் ஆர், குசினியில் ஆர் என்பதில் கிடக்கிறது.

ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ‘தெரியாது’ என்றது நேர்மை. அதோடு விட்டது தாய்க்குரிய கடமையில் தவறியது. தேடிப் பார்ப்போம் வா என்று ஏன் சொல்லவில்லை? கொப்பி பிழையாக வந்த பிறகும் பேசாமல் இருந்திருக்கிறீர்கள். கணவருக்கு மரியாதை வேண்டும்தான். அதற்காகப் பிள்ளையின் கொப்பியைப் பலி கொடுப்பதா? அரசியல் அப்பாவின் சாமான் என்று அவள் அன்றைக்குப் படித்துவிட்டாள்.

புத்தகம் சொல்லமாட்டேன். மகளின் குடியுரிமைக் கல்விப் புத்தகம் போதும். ஒழுங்கையில் தொடங்குங்கள். தெருவிளக்கும் குப்பையும் பிரதேச சபை. மாகாணப் பாடசாலை மாகாணத்தோடு. யாழ். போதனா வைத்தியசாலையும் ஏ9 வீதியும் மத்திய அரசு. இந்த மாதம் நீங்கள் குறைப்பட்ட ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எது யாருடையதென்று எழுதுங்கள். விளக்கு எரியவில்லை என்று பாராளுமன்ற உறுப்பினரிடம் ஓடுகிற ஊர் இது.

பிறகு மகளோடு இருந்து, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலிகாமம் கிழக்குப் பிரதேச சபையின் தகவல் அதிகாரிக்கு ஒரு கடிதம்: எங்கள் வட்டாரத் தெருவிளக்குக்கு இந்த வருடம் எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள்? தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். ‘விவரம் தரவும்’ என்று மொட்டையாக எழுதினால் மொட்டையாகத்தான் பதில் வரும். வருடம், வட்டாரம், என்ன செலவு மூன்றும் இருக்கட்டும்.

அந்தத் துண்டை அடுப்பில் போடுங்கள். பாராளுமன்றத் தேர்தலில் முதலில் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரு புள்ளடி, பிறகு அதே அணியில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. முதலாவதை மறந்தால் விருப்பு வாக்கு எண்ணப்படாது. இரண்டு கட்சிக்குப் போட்டால் வாக்கே செல்லாது. உள்ளூராட்சித் தேர்தலில் ஒரே புள்ளடி, விருப்பு இலக்கம் கிடையாது. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எழுதலாம். துண்டு எழுதுகிறவருக்கு இந்த மூன்றும் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

நாளைப் பின்னேரம் தேத்தண்ணி நாலு கோப்பை ஊற்றுங்கள். கதிரை காணாவிட்டால் குசினி வாங்கை விறாந்தைக்கு இழுத்துப் போட்டு மகளோடு இருங்கள். பிழை போட்ட பக்கத்தைத் திறந்து வைத்து, 2018க்குப் பிறகு எங்கட உறுப்பினர் ஆர் என்று நீங்களே கேளுங்கள்.