பொலிசில் எல்லாவற்றுக்கும் 'ஓம்' சொன்ன பெறாமகன்

கேள்வி: வாழைச்சேனையில் இருந்து எழுதுகிறேன். காலமான அக்காவின் மகனை நான்தான் வளர்க்கிறேன். வயது 19. அக்கா வயிற்றில் பிள்ளையோடும் கசிப்புக் குடித்தவர். அதனால் கருவிலேயே மூளை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்கிறார் மனநல வைத்தியர். மோட்டார் சைக்கிள் திருட்டு என்று பிடித்துவிட்டார்கள். கேட்டதற்கெல்லாம் "ஓம்" சொல்லிக் கையெழுத்தும் வைத்துவிட்டான். இனி வழியில்லையா?

பதில்: வழி இருக்கிறது சகோதரி. பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை அவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்கிறது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. (பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்கென்றால் கதை வேறு.) ஆனால் 27ஆம் பிரிவும் உண்டு. அவன் சொல்லித்தான் சைக்கிளைக் கண்டெடுத்தார்கள் என்றால் அந்தப் பகுதி மட்டும் சாட்சியமாக வரும். சைக்கிள் எங்கே, யார் காட்டி எடுபட்டது என்பதைச் சட்டத்தரணி முதலில் பார்க்கட்டும்.

எனக்குப் பயம் அந்தக் கையெழுத்தில் இல்லை, நீதிமன்றத்தில்தான். நீதவான் முன் குற்றச்சாட்டை வாசித்து, குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்பார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்து "குற்றவாளி" என்றுவிடுவான், அங்கேயே தீர்ப்பாகிவிடும். அதற்கு முன்பே சட்டத்தரணிக்கு இந்தப் பாதிப்பைச் சொல்லிவிடுங்கள்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் நன்றாகத்தான் பேசுவார்கள். பலருக்கு முகத்திலும் ஒன்றும் தெரியாது. ஆனால் ஞாபகம் விட்ட இடத்தை எதிரில் இருப்பவர் சொன்னதைக் கொண்டே நிரப்பிவிடுவார்கள். அது பொய் அல்ல, ஆனாலும் சொந்தச் சட்டத்தரணியே சிலவேளை பொய்யென்றுதான் எடுப்பார். நியூசிலாந்தில் தெய்னா போரா என்பவர் 17 வயதில் கொடுத்த ஒப்புதலால் கொலைக் குற்றவாளியாகி 20 வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தார். இதே பாதிப்பு அவருக்கு இருந்ததை வைத்து, அந்த ஒப்புதலை நம்ப முடியாது என்று 2015இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பை ரத்துச் செய்தது. 1971 வரை நம் மேன்முறையீடுகளும் போன மன்றம் அது. இன்று அதன் தீர்ப்பு நீதவானைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டத் தடையில்லை.

தண்டனைச் சட்டக்கோவை 77ஆம் பிரிவை, அதாவது சித்த சுவாதீனமின்மையை, நம்ப வேண்டாம். செய்வது பிழை என்று அவனுக்குத் தெரியும். அந்த வாதம் நிற்காது. பாதிப்பைத் தண்டனையைக் குறைக்கக் காட்டலாம்.

வைத்தியர் உறுதியாக எழுத, தாய் குடித்ததற்கு ஆதாரம் தேவை. இறந்தவரைப் பற்றி எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். கண்ணால் கண்டவர் நீங்கள்; சத்தியக்கடதாசி கொடுங்கள். பழைய கிளினிக் அட்டை, பாடசாலை அறிக்கை இருந்தால் அவற்றையும் சேருங்கள்.

அப்புறம் பிணை. ஞாயிறு தோறும் பொலிசில் கையெழுத்து என்று நிபந்தனை வந்தால் இவன் மறப்பான், பிணை போய்விடும். நீங்களே கூட்டிப் போவதாகச் சொல்லி, தோதான நாளை மன்றில் கேட்கச் சொல்லுங்கள். காசில்லாவிட்டால் மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. அடுத்த தவணைக்கு முன் போங்கள்.