கூட்ஸ் வண்டி பார்ப்பவர்கள் கேட்கலாம்: மதுரை – மணியாச்சி – தூத்துக்குடி பாதை

இந்த வழி ஒற்றைப் பாதையாக இருந்த நாளிலிருந்து கூட்ஸ் வண்டி பார்க்கிறேன். ரயில்வேக்காரன் இல்லை, வெறும் பைத்தியம். வண்டி, பெட்டி, பாதை பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, எல்லா வேகனும் ஒரே மாதிரி தெரிகிறது. எப்படிப் பிரிப்பது?

மேலே திறந்திருந்தால் பாக்ஸ்என், பெரும்பாலும் நிலக்கரி. மூடியிருந்தால் பி.சி.என். வகை, அதில் உரம், சிமென்ட், அரிசி. உருளையாக இருந்தால் பி.டி.பி.என்., எண்ணெய். தட்டையாகக் கன்டெய்னர் சுமப்பது பி.எல்.சி., ஐந்தைந்தாகக் கோத்து 45 வரும். பாக்ஸ்என் என்றால் முழு ரேக்குக்கு, அதாவது கோத்த முழு வண்டிக்கு, 58. வண்டி நின்றால் பெட்டியின் 11 இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு பெட்டி வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வேயுடையது, ஐந்தாவதும் ஆறாவதும் செய்த வருடம். 09 என்றால் 2009. இந்த வயசுக் கணக்கு எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

கேள்வி: தட்கல் எத்தனை மணிக்குத் திறக்கும்?

ஸ்டேஷன் கவுன்டரில் கேளுங்கள்.

கேள்வி: டபுள் லைன் வந்துவிட்டதே, கூட்ஸ் இரண்டு மடங்கு ஓடுமா சார்?

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஸ்டேஷனில்தான் கிராசிங் போட முடியும், ஒன்று லூப்பில், அதாவது ஸ்டேஷனின் பக்கப் பாதையில், ஒதுங்கி நிற்க வேண்டும். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே 12 நிமிட ஓட்டம் என்று வையுங்கள். ஒரு வண்டி போய்ச் சேர 12, எதிர் வண்டி வர 12, நடுவே லைன் கிளியர் (வண்டியை விட அடுத்த ஸ்டேஷனின் அனுமதி) வாங்க நேரம், ஆக அரை மணிக்குப் போக ஒன்று வர ஒன்று. இரட்டைப் பாதையில் அதே அரை மணியில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு விடலாம். ஆனால் துறைமுகத்தில் இறக்குகிற வேகம் அப்படியே இருந்தால், பாதை காலியாகக் கிடக்கும், வண்டி யார்டில் கிடக்கும். இதைச் சொன்னால் சிலர் அடிக்க வருவார்கள், பார்ப்பவனுக்கு ஒற்றைப் பாதைதான் சொர்க்கம், நின்று நிதானமாக எண் எழுதலாம்.

கேள்வி: தப்பு. டபுள் லைன் ஆன பிறகும் எங்கள் ஸ்டேஷனில் கூட்ஸ் ஒரு மணி நேரம் நிற்கிறது.

நிற்கட்டும், அது கிராசிங் இல்லை. பின்னால் எக்ஸ்பிரஸ் வருகிறது, அதை முந்தவிட ஒதுக்கியிருக்கிறார்கள்.

கேள்வி: அப்படியென்றால் இரண்டு ரேக்கைக் கோத்து ஒரே வண்டியாக விடலாமே, பாதைச் செலவு எதற்கு? (அதே நண்பர்)

இதைத்தான் எதிர்பார்த்தேன். விடுகிறார்கள், வேறு பாதைகளில் அப்படி ஓடியதுண்டு. ஆனால் ஒரு பாக்ஸ்என் 10.7 மீட்டர். 58 பெட்டிக்கு 620 மீட்டர், இன்ஜினும் பிரேக் வேனும் (கடைசியில் வரும் கார்டு பெட்டி) சேர்த்தால் வழக்கமான 686 மீட்டர் லூப் கிட்டத்தட்ட நிரம்பிவிடும். இரட்டை ரேக் எங்கே ஒதுங்கும்? அது மெயின் லைனில்தான் நிற்கும், பின்னால் வரும் எக்ஸ்பிரஸ் அதன் வாலைப் பார்த்துக்கொண்டே வரும். ஒற்றைப் பாதையில் இன்னும் மோசம், எதிரே வரும் அத்தனையும் முன்கூட்டியே லூப்பில் ஏறிக்கொள்ள வேண்டும். செலவு மிச்சம் என்பது காகிதத்தில்தான்.

கேள்வி: ஒத்துக்கொள்ள மாட்டேன், லூப்பை நீட்டலாம்.

நீட்டலாம். எல்லா ஸ்டேஷனிலும் நீட்டினால் அதுவே பாதி டபுள் லைன். சரி, விடுங்கள்.

கேள்வி: டபுள் லைன் போட்டதால் கூட்ஸ் எத்தனை கூடும்?

மேலே இருக்கிறது. படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: தண்டவாளம் போட்டு முடித்தும் ஏன் வண்டி விடாமல் வைத்திருந்தார்கள்?

ரயில்வே பாதுகாப்பு ஆணையர் டிராலியில் வந்து பார்த்து, வேகச் சோதனை நடத்தி, அனுமதி தர வேண்டும். அவர் ரயில்வேக்குக் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குக் கீழ். நம்ப மாட்டீர்கள், அதுதான் உண்மை.

கேள்வி: தூத்துக்குடி அனல் மின் நிலைய நிலக்கரி இந்தப் பாதையில்தான் வருகிறதா?

பெரும்பாலும் கப்பலில் வருகிறது, துறைமுகத்திலிருந்து கன்வேயரில் உள்ளே போகிறது.

கேள்வி: எங்கே நின்றால் நல்ல படம் கிடைக்கும்?

பிளாட்பார முனை, நடைமேம்பாலம். ஜல்லியில் கால் வைக்காதீர்கள். அத்துமீறி நுழைந்தால் ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். அதைவிடப் பெரிய விஷயம் வேறு. ஒற்றைப் பாதையில் பழகியவர்கள் ஒரு வண்டி போனதும் தாண்டுகிறார்கள், அந்த வண்டிக்குப் பின்னாலேயே அடுத்த லைனில் எதிர்த்திசை வண்டி மறைந்து வருகிறது. முன்னால் போகும் கூட்ஸ் சத்தத்தில் அது காதில் விழாது. தலைக்கு மேல் 25,000 வோல்ட் வேறு, வேகன் மேல் ஏறிப் படம் எடுக்கும் வேலையெல்லாம் வேண்டாம்.

கேள்வி: கடைசிப் பெட்டியில் எக்ஸ் குறி எதற்கு?

வண்டி முழுதாக வந்துவிட்டது, நடுவில் அறுந்து எதுவும் பின்னால் நிற்கவில்லை என்று தெரிந்துகொள்ள.

கேள்வி: அண்ணா, இரண்டு லைனுக்கும் நடுவில் நின்றால் இரு பக்க வண்டியும் படத்தில் வருமா?

தம்பி, இரண்டு பதில் மேலே எழுதியதைப் படிக்காமலே கேட்கிறாய். நிற்காதே. இன்றைக்கு இவ்வளவுதான், கன்டெய்னர் வண்டி வரும் நேரம், பிளாட்பாரத்துக்குப் போகிறேன்.