பாட்டி வீட்டுத் தரையும் பன்னிரண்டாவது மாடியும்

பழைய மரச்சாமான்களைச் செப்பனிடுவதும் வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்வதும்தான் என் பிழைப்பு. பழைய பாணியைப் புது ஃபிளாட்டுக்குள் கொண்டுவர நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவும் என் பதில்களும்.

கேள்வி: இப்போது இருக்கும் விட்ரிஃபைட் டைல்ஸ் மேலேயே ஆத்தங்குடிக் கல் ஒட்டலாமா? (மதுரை)

ஒட்டலாம். ஆனால் முதலில் கதவுகளைப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் என்பது செட்டிநாட்டு வீடுகளில் பார்க்கும், கையால் வார்த்த வண்ணச் சிமெண்ட் தரைக்கல். ஏறக்குறைய முக்கால் அங்குலக் கனம். அடிக்கலவையும் சேர்ந்தால் தரை ஓர் அங்குலத்துக்கு மேல் உயர்ந்துவிடும். மரக்கதவை அடியில் இழைத்துக்கொள்ளலாம். பால்கனியின் கண்ணாடிச் சறுக்குக் கதவை என்ன செய்வீர்கள்? அதனால் வீடு முழுக்க வேண்டாம். பூஜை அறை, வாசல் நடை என்று ஓரிடம் போதும்.

இன்னொன்று. இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் நிறக்கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அமுக்குவார்கள். அப்புறம் நாள்கணக்கில் தண்ணீரில் ஊறித்தான் இறுகும். கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் முகத்தில் ஏறுகிறது. ஆக, மேலே இருப்பது வெறும் சிமெண்ட். எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், பாத்ரூம் ஆசிட் எதுவும் ஆகாது. சமையலறையில் போடவே போடாதீர்கள். ஒரு வீட்டில் வேலை முடிந்து நான் டீ குடிக்கப் போன நேரத்தில், சிமெண்ட் கறை போகட்டும் என்று உதவியாள் ஒருவர் ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டார். திரும்பி வந்தால் இருபது கல் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன். வெறும் தண்ணீரில் துடையுங்கள், எப்போதாவது துடைக்கிற தண்ணீரில் நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய். நடக்க நடக்கத்தான் மினுமினுப்பு வரும்.

கேள்வி: 1980களில் கட்டிய ஃபிளாட். மொசைக் தரை மங்கிவிட்டது. உடைத்துவிட்டு இப்போது பிரபலமாக இருக்கும் டெராசோ டைல்ஸ் போடலாம் என்கிறார் கணவர். (மயிலாப்பூர்)

தயவுசெய்து உடைக்காதீர்கள்! கடையில் டெராசோ என்று விற்பதும் உங்கள் காலடியில் இருப்பதும் ஒரே சாதிதான். சிமெண்டில் பளிங்குச் சில்லுகளைக் கலந்து தேய்த்தெடுத்த தரை. அதிலும் கடையில் கிடைப்பதில் பாதி, பீங்கான் டைல்ஸ் மேல் அச்சடித்த படம். மொசைக் பாலிஷ் போடுகிறவரைக் கூப்பிட்டு, சொரசொரப்பான கல்லில் தொடங்கி நைசான கல் வரை தேய்க்கச் சொல்லுங்கள். கீழே புதிய சில்லு முகம் வெளிவரும். தேய்க்கும்போது பால் மாதிரி சேறு ஓடும். அதை வாரித்தான் கொட்ட வேண்டும். குழாயில் விட்டால் உள்ளே போய்க் கெட்டிப்பட்டுவிடும். கணவரிடம் இதைக் காட்டுங்கள்.

கேள்வி: ஹாலின் ஃபால்ஸ் சீலிங்கில் ஊஞ்சல் மாட்ட ஆசை. பன்னிரண்டாவது மாடி, புதுக் கட்டடம். (ஓ.எம்.ஆர்., சென்னை)

துளை போடுவதற்கு முன் பில்டரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஸ்லாப் போஸ்ட் டென்ஷன் முறையில் போட்டதா?" ஆம் என்றால் கான்கிரீட்டுக்குள் இழுத்துக் கட்டிய கம்பிகள் இருக்கும். அதில் டிரில் பட்டால் பெரிய ஆபத்து. அங்கே தரையில் நிற்கிற சட்ட ஊஞ்சல்தான் வழி. சாதாரண ஸ்லாப் என்றாலும் எஞ்சினியர் பார்த்துச் சொன்ன இடத்தில்தான் கொக்கி. அந்தக் காலத்தில் தேக்கு உத்திரத்தில் மாட்டினார்கள். நீங்கள் ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டப் பார்க்கிறீர்கள்! உட்கார்ந்திருக்கும் ஆளின் எடையைவிட ஆடும்போது விழும் பாரம் அதிகம். முன்னும் பின்னும் மும்மூன்று அடி இடமாவது வேண்டும், இல்லையென்றால் டிவிக்குத்தான் உதை விழும்.

கேள்வி: தாத்தாவின் பிரம்பு நாற்காலி நடுவில் தொய்ந்துவிட்டது. (தஞ்சாவூர்)

இழை அறாமல் வெறும் தொய்வுதான் என்றால் செலவே இல்லை. நாற்காலியைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தை வெந்நீரில் நனைத்த துணியால் நன்றாக ஒற்றி, ஒரு நாள் நிழலில் விடுங்கள். மேல்பக்கம் வழவழவென்று இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறாது. காயும்போது பிரம்பு சுருங்கி இறுகும். அதுவரை யாரும் உட்காரக் கூடாது. மரத்தில் குண்டூசித் துளைகளும் கீழே மாவு மாதிரி தூளும் தெரிந்தால் உளு உயிரோடு இருக்கிறது. மருந்து அடிக்காமல் மற்ற சாமான்களோடு வைக்காதீர்கள்.

கேள்வி: பழைய வால்வு ரேடியோவை ஓட வைக்கலாமா? (சேலம்)

ஆசைக்குக்கூடச் செருகிப் பார்க்காதீர்கள். உள்ளே கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோயிருக்கும், வெடிக்கலாம். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

கேள்வி: "சண்டிகர் நாற்காலி" என்று ஆன்லைனில் மலிவாக விற்கிறார்கள். அசலா? (கோவை)

அந்த விலைக்கு நிச்சயம் இல்லை. சண்டிகர் நகரைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் லெ கார்பூசியேயின் உறவினர் பியர் ஜான்னரே 1950களில் சண்டிகர் அரசு அலுவலகங்களுக்காக வடிவமைத்தது அது: தேக்கும் பிரம்பும், கவிழ்த்த வி மாதிரி கால்கள். பழசானதும் அரசே கழித்துக்கட்டியது. அப்படிப் போனவை பின்னால் வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் விலை போயின. அசலில் அலுவலகப் பெயர் எழுத்துகள் பெயிண்டில் இருக்கும். போலியிலும் அதை எழுதிவிடுகிறார்கள். நகல் என்று தெரிந்தே வாங்குங்கள், ஒன்றும் தப்பில்லை. மூட்டுகளை மட்டும் ஆட்டிப் பாருங்கள்.

கேள்வி: காரைக்குடியில் தூண், கதவு, எனாமல் பாத்திரம் எல்லாம் வாங்கி ஹாலை முழுசாகச் செட்டிநாடு ஆக்க வேண்டும். (பெங்களூரு)

காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் நின்றால் எனக்கும் அந்த ஆசை வரும். ஆனால் பத்தடி உயர ஹாலில் அந்தத் தூண் நின்றால் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். கனமான சாமான் ஒன்று போதும், சுவர் வெள்ளையாகவே இருக்கட்டும். கதவை டீப்பாய் ஆக்கும் யோசனை இருந்தால் மேலே கண்ணாடி போடுங்கள். இல்லாவிட்டால் செதுக்கலுக்குள் போன மிக்சரைப் பல்குச்சியால்தான் எடுக்க வேண்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிற்ப வேலைப்பாடு என்று சொல்லி விற்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பில் கேட்டு வாங்குங்கள்.