தூண்டில் வாங்கினால் காட்டுக்குப் பணம் போகுமா?

கேள்வி: டெக்சஸில் ஆஸ்டினுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. பதின்மூன்று வயது மகனுக்கு மீன்பிடிக்க ஆசை. கடைக்குப் போனால் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மான் வேட்டைக்குப் போகிறவர். "இந்த நாட்டில் காட்டு விலங்குகளைக் காப்பாற்றுவதே எங்கள் பணம்தான்" என்கிறார். என் மனைவிக்கு வேட்டை என்ற பேச்சே ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது உண்மையா? வேட்டையாடாத நாங்கள் உதவ வழி உண்டா?

பதில்: முதலில் லைசென்ஸ் விஷயத்தை முடித்துவிடுவோம். டெக்சஸில் 17 வயது ஆகாத பிள்ளைகளுக்கு மீன்பிடி லைசென்ஸ் தேவையில்லை. நீங்களும் தூண்டில் போடுவதாக இருந்தால் உங்களுக்கு வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து குடியிருப்பதால் உள்ளூர்வாசிக் கட்டணம்தான். ஏரி, ஆற்று மீனுக்கான ஆண்டு லைசென்ஸ் 30 டாலர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: என்றைக்கு வாங்கினாலும் அது ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். ஜூலையில் வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். பழகிப் பார்க்க மட்டும் என்றால் மாநிலப் பூங்கா ஒன்றுக்குப் போங்கள். அங்கே கரையில் நின்று பிடிக்க யாருக்குமே லைசென்ஸ் தேவையில்லை.

சரி, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதற்கு வருவோம். அவர் சொல்வது பெருமளவு உண்மை.

மகனுக்கு வாங்கும் தூண்டில் கோலையே எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் விற்பனை வரி தனியாகத் தெரியும். அதற்கு முன்பே இன்னொரு வரி அந்த விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. தயாரிப்பாளர் விற்கும் விலையில் 10 விழுக்காட்டை மத்திய அரசுக்குக் கட்டிவிட்டுத்தான் கோல் கடைக்கு வருகிறது. (விலை உயர்ந்த கோலானாலும் இந்த வரி 10 டாலரைத் தாண்டாது.) ரீல், முள், தங்கூஸ் நரம்பு, ஈயக்குண்டு எல்லாவற்றுக்கும் இப்படித்தான். 1950-இல் வந்த டிங்கெல்-ஜான்சன் சட்டம் இந்தப் பணத்தை மீன்வளத்துக்கென்று ஒதுக்கியது. 1984-இல் அதை விரிவாக்கி, மோட்டார் படகுகளுக்குப் போடும் பெட்ரோலின் வரியையும் சேர்த்தார்கள். நீங்கள் இலவசமாகப் படகை இறக்கும் சாய்தளம்கூட இந்தப் பணத்தில் கட்டியதாக இருக்கலாம்.

இதற்கு முன்னோடி 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம். வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு வரி. கைத்துப்பாக்கிக்கு 10 விழுக்காடு. வில், அம்பு பின்னால் சேர்ந்தன. இரண்டு சட்டங்களாலும் சேர்ந்து சமீப ஆண்டுகளில் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் வருகிறது. மாநிலத்தின் பரப்பையும் லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் எண்ணிக்கையையும் பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறார்கள். செலவில் முக்கால் பங்கு வரை மத்தியப் பணம், மீதியை மாநிலம் போட வேண்டும். அந்த மீதி பெரும்பாலும் லைசென்ஸ் கட்டணத்திலிருந்து வருகிறது. நீங்கள் கட்டும் 30 டாலர் போய்ச் சேருகிற இடம் அதுதான்.

என்னைக் கேட்டால், இந்த ஏற்பாட்டின் உயிர் வரியில் இல்லை, பூட்டில் இருக்கிறது. லைசென்ஸ் பணத்தை வனவிலங்கு, மீன்வளத் துறையைத் தவிர வேறு எதற்கும் செலவழிப்பதில்லை என்று மாநிலம் சட்டம் போட்டாக வேண்டும். மீறிச் சாலை போடவோ சம்பளப் பாக்கி தீர்க்கவோ எடுத்தால், மத்தியப் பங்கு கிடைக்காமல் போகலாம். நல்ல நோக்கத்துக்கு வசூலித்த பணம் வேறு கணக்கில் கரைவதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! இங்கே நிதி நெருக்கடியிலும் அந்தப் பணத்தில் கை வைப்பது எளிதல்ல.

பலன் என்ன என்று கேட்பீர்கள். காட்டு வான்கோழியைப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அழித்ததில் பெரும் பங்கு கட்டுப்பாடில்லாத வேட்டைக்குத்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. பண்ணையில் வளர்த்த வான்கோழிகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். தாயிடம் எதையும் கற்காத அந்தப் பறவைகள் நரிக்கும் பருந்துக்கும் இரையாயின. பிறகு, 1950-களில், தரையில் தானியத்தைத் தூவி, பறவைகள் தலை குனிந்து கொத்தும் நேரத்தில் சிறு பீரங்கிகளால் வலையை அவற்றின் மேல் வீசிப் பிடித்தார்கள். காட்டிலேயே வளர்ந்த அந்தப் பறவைகளைப் பெட்டியில் ஏற்றி, வான்கோழியே இல்லாத காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். இது பல பத்தாண்டு வேலை. பெருமளவு செலவு துப்பாக்கி வரியிலிருந்து வந்தது. இன்று அவை பல லட்சம்.

உங்கள் மனைவிக்குச் சொல்ல வேண்டியது இனிமேல்தான். வாத்து முத்திரை என்று, தபால்தலை போன்ற ஒன்று உண்டு. 1930-களின் வறட்சியில் நீர்நிலைகள் வற்றி வாத்துகள் அருகியபோது, 1934-இல் கொண்டுவந்தார்கள். முதல் முத்திரையில், நீரில் இறங்கும் இரண்டு வாத்துகளை வரைந்தவர் டிங் டார்லிங் என்ற கேலிச்சித்திரக்காரர். அப்போது விலை 1 டாலர், இப்போது 25. வாத்து வேட்டைக்குப் போகும் 16 வயது நிரம்பிய எவரும் இதை வாங்க வேண்டும், காகித முத்திரையானால் அதன் குறுக்கே மையால் கையெழுத்தும் போட வேண்டும். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் சதுப்பு நிலங்களை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. இதுவரை இப்படிக் காப்பாற்றிய நிலம் 60 லட்சம் ஏக்கர் அளவு. நாரை, கொக்கு, தவளை என்று எல்லாமே அங்கேதான் பிழைக்கின்றன. வேட்டையாடாதவர்களும் இதைத் தபால் நிலையத்தில் வாங்கலாம். கட்டணம் வாங்கும் தேசிய வனவிலங்குச் சரணாலயங்களுக்கு அதுவே நுழைவுச் சீட்டும்கூட. நாங்கள் பறவை பார்க்கக் கிளம்பும்போது அதுதான் எங்கள் பையில் இருக்கும்.

குறையும் உண்டு. மான், வான்கோழி, வாத்து, பாஸ் மீன் என்று, பிடிக்கவும் சுடவும் ஆள் இருக்கிற உயிர்களுக்குத்தான் கவனம் முதலில் போகிறது. வேட்டைக்காரர்களின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வருகிறது. 2016-ஆம் ஆண்டின் மத்தியக் கணக்கெடுப்பில் அவர்கள் ஒரு கோடியே 15 லட்சம் பேர், விலங்குகளையும் பறவைகளையும் பார்த்து ரசிப்பவர்கள் எட்டுக் கோடியே 60 லட்சம் பேர். பைனாகுலருக்கும் பறவைத் தீவனத்துக்கும் இதேபோல் வரி போட 1990-களில் நடந்த முயற்சி நிறைவேறவில்லை. இதனால் இன்று வரியில் பெரும் பகுதி, காட்டுப் பக்கமே போகாமல் பயிற்சிக்கும் தற்காப்புக்கும் துப்பாக்கி வாங்குகிறவர்களிடமிருந்து வருகிறது. துப்பாக்கி விற்பனை ஏறினால்தான் காட்டுக்குப் பணம் என்ற நிலை எனக்கு வருத்தம் தருகிறது. பார்த்து ரசிக்கிற நாமும் நம் பங்கைக் கொடுத்திருக்க வேண்டும்.

அதற்கு டெக்சஸில் எளிதான வழி ஒன்று உண்டு. கொம்பு ஓணான் படம் போட்ட கார் நம்பர் பிளேட். வழக்கமான பதிவுக் கட்டணத்துக்கு மேல் ஆண்டுக்கு 30 டாலர். அதில் 22 டாலர் மாநில வனவிலங்குத் துறைக்குப் போகும். உள்ளங்கையில் அடங்கும் அந்த ஓணானை யாரும் வேட்டையாடுவதில்லை, அதனால் அதன் பெயரில் எந்த வரியும் வருவதில்லை. அது உயிர்வாழ்வது செவ்வறுவடை எறும்புகளைத் தின்று. வெளியிலிருந்து வந்த நெருப்பு எறும்புகள் அந்த எறும்புகளைத் துரத்த, ஓணானும் பல இடங்களில் காணாமல் போய்விட்டது. இப்போது உயிரியல் பூங்காக்களில் குஞ்சு பொரிக்கவைத்துத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். மகனுக்குத் தூண்டில் வாங்கும் வாரத்திலேயே இந்தப் பிளேட்டுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.