மகளிடம் கேட்டீர்களா?

கேள்வி: எனக்கு 61 வயது. பணி ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. மூன்று மாதங்களாக ஆன்லைன் வகுப்பில் கிட்டார் கற்றுக்கொள்கிறேன். தினமும் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காருகிறேன். ஜி, சி, டி கார்டுகள் (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் ஸ்வரக் கூட்டுகள்) சுமாராக வருகின்றன. எஃப் மட்டும் எவ்வளவு அழுத்தினாலும் சத்தமே எழும்பாமல் ‘டப் டப்’ என்கிறது. விரல் நுனியெல்லாம் எரிச்சல். இந்த வயதில் விரல் வளையுமா, இல்லை இது வீண் ஆசையா? கிட்டார் புதிதாக வாங்கவில்லை. மகளுடையது பரணில் கிடந்தது. பத்தாம் வகுப்பில் அவளுக்குக் கவனம் சிதறுகிறதென்று எடுத்து வைத்தோம், அப்புறம் அவளும் கேட்கவில்லை. உறைக்குள் அவள் கார்டுகள் எழுதிவைத்த தாள்கள்கூட பி மைனர் வரை அப்படியே இருக்கின்றன, அதுவும் உதவியாக இருக்கிறது. இப்போது அவள் வேறு ஊரில் குடும்பத்தோடு இருக்கிறாள். அடுத்த முறை வரும்போது ஒரு முழுப் பாட்டை வாசித்து அவளை அசத்த வேண்டும், பேத்திக்கும் சொல்லித்தர வேண்டும் என்று ஆசை. வழி சொல்லுங்கள்.
- பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: ஓய்வு பெற்ற பிறகு எதையாவது புதிதாகத் தொடங்கிவிட்டு எனக்கு எழுதுகிறவர்கள் நிறைய. ‘கற்றுக்கொள்ள வயது ஏது’ என்று நான் ஒரு வரி எழுதினால் போதும், சந்தோஷமாகப் போய்விடுவார்கள். நீங்களும் அந்த வரிக்காகத்தான் காத்திருக்கிறீர்கள். அது உங்களுக்குக் கிடைக்காது. உங்கள் விரலைப் பற்றிப் பிறகு பேசலாம், எனக்கு அதில் பெரிய கவலை எதுவும் இல்லை.

‘அப்புறம் அவளும் கேட்கவில்லை’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை.

பதினைந்து வயதுப் பிள்ளை ஏன் கேட்க வேண்டும், சொல்லுங்கள். எடுத்து வைத்தது நீங்கள். பரீட்சை எந்தத் தேதியில் முடிந்தது என்பது உங்களுக்குத் தெரியும். மார்க் வந்த நாளும் தெரியும், அன்றைக்கு நாலு பேருக்குப் போன் போட்டுச் சொல்லியும் இருப்பீர்கள். அதே நாளில் ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்த கிட்டாரை இறக்கித் துடைத்து அவள் கையில் கொடுக்க வேண்டியது யார் வேலை? அவள் வந்து கெஞ்சட்டும் என்று இருந்தீர்களா, இல்லை மறந்தே போனீர்களா? மறந்துவிட்டேன் என்று சொன்னால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

பெற்றவர்கள் பிள்ளையைக் கண்டிக்கவே கூடாது என்கிற கட்சியில் நான் இல்லை. பரீட்சை வருஷத்தில் ஆறு மாதம் ஒரு பொருளை ஒதுக்கி வைத்ததில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. வீட்டில் யாராவது ஒருவர் கறாராக இருக்கத்தான் வேண்டும். ஆனால் பிள்ளையிடமிருந்து வாங்கி வைத்த பொருள் அடகுப் பொருள். கெடு முடிந்தால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கேட்கவில்லை என்பதற்காக அது நம்முடையதாகிவிடாது. நீங்கள் இத்தனை வருடம் வைத்திருந்தீர்கள், இப்போது எடுத்துப் புழங்கவும் ஆரம்பித்துவிட்டீர்கள்.

அவளுக்கே ஆர்வம் போய்விட்டது என்று உங்களுக்கு நீங்களே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தால், அந்தத் தாள்களை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். பி மைனர் வரை எழுதியிருக்கிறாள் என்கிறீர்கள். அந்தக் கார்டு எங்கே வருகிறது தெரியுமா? கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். ஆட்காட்டி விரலை இரண்டாவது ஃப்ரெட்டில் குறுக்கே படுக்கவைத்து, மற்ற மூன்று விரல்களையும் தனித்தனியே நிறுத்த வேண்டிய பாரே கார்டு அது. எஃப்-உம் அதே ஜாதி. கிட்டார் கற்கத் தொடங்கியவர்களில் பலர் அதை மூலையில் சாத்திவைப்பது இந்த எஃப்-இல்தான். எழுதி வைத்ததாலேயே வாசித்துவிட்டாள் என்று ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எஃப்-இல் மனம் விட்டுப்போன பிள்ளை, அதற்கு அடுத்ததைக் கோடு போட்டு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்காது. நீங்கள் 61 வயதில் முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தை அவள் பதினைந்தில் தாண்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நிறுத்தினீர்கள்.

இதில் ‘அசத்துவது’ வேறா? அந்தக் காட்சியைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தீர்களா? மகள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்காருகிறாள். அப்பா அறையிலிருந்து அவளுடைய கிட்டாரோடு வருகிறார், அவள் கைப்பட எழுதிய தாளை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டு வாசிக்கிறார். அவள் கைதட்டுவாள். பதினைந்து வயதிலேயே வாய்விட்டுக் கேட்காதவள், இப்போது கணவனையும் குழந்தையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டா கேட்கப்போகிறாள்? நீங்களும் அவள் பூரித்துப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

பேத்தி விஷயமும் அப்படித்தான். பெற்ற பிள்ளைக்கு மறுத்ததைப் பேரப்பிள்ளைக்கு அள்ளிக்கொடுத்துவிட்டுக் கணக்கு நேராகிவிட்டதாக நினைக்கிற தாத்தா பாட்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். நடுவில் ஒருத்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. மகளுக்குச் சேர வேண்டியதை முதலில் மகளுக்குக் கொடுங்கள். பேத்திக்குக் கற்றுக்கொடுப்பதா, யார் கற்றுக்கொடுப்பது என்பதையெல்லாம் குழந்தையின் தாய் முடிவு செய்யட்டும்.

ஆகவே அவள் வரும்வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே போன் செய்யுங்கள். உங்கள் மனைவியை விட்டுப் பேசச் சொல்லும் வேலை வேண்டாம். வீட்டில் கசப்பான பேச்சையெல்லாம் அம்மா வாயால் சொல்லவைத்துவிட்டு அப்பா தினசரியை விரித்துக்கொள்கிற பழக்கம் எனக்கு எப்போதுமே பிடிக்காது. நீங்களே பேசுங்கள். “உன் கிட்டாரைப் பரண்லேர்ந்து எடுத்தேம்மா. உன்னைக் கேக்காம மூணு மாசமா வாசிச்சுக்கிட்டிருக்கேன். அன்னைக்குப் பரீட்சை முடிஞ்சதும் நானே இறக்கிக் கொடுத்திருக்கணும், கொடுக்கல.” இவ்வளவு போதும். ‘உன் நல்லதுக்குத்தானே செஞ்சோம்’ என்பதைப் பின்னால் ஒட்டாதீர்கள். அதை ஒட்டினால் முன்னால் சொன்னதெல்லாம் போயிற்று. சொல்லி முடித்துவிட்டு, அதை என்ன செய்யலாம் என்று அவளிடம் கேளுங்கள். சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் பழைய கதைப்பா, நீங்களே வச்சுக்குங்க” என்று அவள் சொல்லக்கூடும். உடனே ‘அப்பாடா’ என்று போனை வைத்துவிடாதீர்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். அனுப்பு என்றால், கம்பிகளைத் தளர்த்தி, உறைக்குள் வைத்து, அந்தத் தாள்களையும் சேர்த்து அனுப்புங்கள். நகல் எடுத்துக்கொள்ளவும் அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விரலுக்கு வருகிறேன். அதுவும் பரண் சமாச்சாரம்தான். ஸ்டீல் கம்பிகள் ஆறையும் சுருதி சேர்த்து வைத்தால் அவை சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 70 கிலோ. தளர்த்தாமலே பரணில் போட்டிருப்பீர்கள். வெயில் காலத்துச் சூடும் மழைக்கால ஈரமும் சேர்ந்து அதன் கழுத்து முன்பக்கமாக வளைந்திருக்கலாம், கீழே கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் மேலே தூக்கிக்கொண்டிருக்கலாம். இரண்டில் எது நடந்தாலும் கம்பி ஃப்ரெட்டை விட்டு உயரப் போய்விடும். 12-ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் தடித்த கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஸ்டீல் கம்பி கிட்டாரில் 2.5 மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் சரி. 4 காட்டினால் இருபது வயதுக்காரன் வந்து அழுத்தினாலும் எஃப் வராது. போதாததற்குக் கம்பிகளும் துருப்பிடித்திருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு விரல் நுனி சில வாரம் எரியும், தோல் தடித்ததும் நின்றுவிடும். உங்களுக்கு மூன்று மாதமாகியும் எரிகிறதென்றால் வயதைச் சந்தேகப்படும் முன் கம்பியைச் சந்தேகப்படுங்கள். கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் கம்பி மாற்றிக் கழுத்தையும் சரிசெய்து தருவார். அதையும் மகளிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அது அவளுடைய பொருள்.

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காருவதை நிறுத்துங்கள். கால் மணி, கால் மணியாக நாளைக்கு மூன்று தடவை போதும். ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் பின்னால் விரலை வைத்தால் பாதி பலம் போதும். நடுவில் வைத்துவிட்டுத்தான் பலரும் நசுக்குகிறார்கள். எஃப்-க்குப் பதிலாக இப்போதைக்கு எஃப் மேஜர் செவன் பிடியுங்கள். மூன்று விரல் போதும், முதல் கம்பியை, அதாவது மிக மெல்லிய கம்பியை, அழுத்தாமல் விட்டுவிடலாம், சி-யிலிருந்து அதற்கு மாறுவதும் சுலபம். வயதினால் கார்டு மாற்றும் வேகம் மெதுவாகத்தான் ஏறும், அதற்கு மருந்து கிடையாது. மணிக்கட்டிலோ கட்டைவிரல் அடியிலோ வலி வந்தாலும், விரல் மரத்துப்போனாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற மேதை 1928-இல் தீ விபத்தில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருண்டுபோன பிறகு, மீதி விரல்களை வைத்தே உலகப் புகழ் பெற்றார். அப்போது அவருக்கு வயது 18 என்பதையும் சொல்லிவிடுகிறேன், பாதியை மட்டும் சொல்லி உங்களை உசுப்பேற்ற எனக்கு விருப்பமில்லை.

முழு எஃப் பிடிப்பது எப்படி என்று சொல்லித்தரத் தெரிந்தவள் உங்கள் வீட்டுப் பெண்ணாகவே இருக்கக்கூடும். முதல் போனிலேயே அதைக் கேட்டுவிடாதீர்கள்.

அவள் தன்னுடையதைத் திரும்ப வாங்கிக்கொண்டால், உங்களுக்கென்று ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நைலான் கம்பி விரலுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் அந்தக் கிட்டாருக்குக் கழுத்து அகலம், பாரே கார்டில் அதுவும் ஒரு தொல்லை. மெல்லிய ஸ்டீல் கம்பி போட்டதும் உங்களுக்கு ஒத்துவரலாம். கடையில் உட்கார்ந்து இரண்டையும் மடியில் வைத்துப் பாருங்கள். ஆனால் மகளிடம் பேசிய பிறகு கடைக்குப் போங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.