பட்டனை விட்ட பிறகும் எல்இடி மினுக்குவது ஏன்?

கேள்வி: 74எச்சி00 (74HC00) சிப்பில் ஒரு நாண்ட் கேட்டை (இரண்டு உள்ளீடும் 1 ஆனால் மட்டும் 0 தரும் சுற்று) மட்டும் பிரெட்போர்டில் இணைத்திருக்கிறேன். 1, 2ஆம் கால்களுக்கு 5 வோல்ட்டிலிருந்து ஒரு பட்டன் வீதம். 3ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு ரெசிஸ்டரும் எல்இடியும். இரண்டு பட்டனையும் அழுத்தினால் எல்இடி அணைகிறது. ஆனால் விட்ட பிறகும் சில நேரம் அணைந்தே கிடக்கிறது. கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் மினுக்குகிறது. சிப் போய்விட்டதா?

பதில்: சிப் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் சர்க்யூட்டில் 1 இருக்கிறது, 0 இல்லை.

பட்டனை அழுத்தும்போது அந்தக் கால் 5 வோல்ட்டைத் தொடுகிறது. அது 1. விட்டால்? எதையும் தொடாமல் அந்தரத்தில் தொங்குகிறது. அதை 0 என்று எடுத்துக்கொண்டீர்கள். இந்த இடத்தில் இடறாதவர்கள் குறைவு. உண்மை அட்டவணையில் (எந்த உள்ளீட்டுக்கு எந்த வெளியீடு என்று காட்டும் பட்டியல்) பார்க்கும்போது 0 என்பது 'ஒன்றுமில்லை' போலத்தான் தெரியும். ஆனால் நாண்ட் கேட்டைப் பொறுத்தவரை 0 என்பதும் ஓர் இணைப்புதான், கிரவுண்டோடு.

உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு நாண்ட் கேட்டின் அடிப்படை வேலையை நான்கு டிரான்சிஸ்டர்கள் செய்கின்றன. கீழே இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, வெளியீட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில். இவை 1 வந்தால் திறக்கும். மேலே இரண்டு, பக்கம் பக்கமாக, வெளியீட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில். இவை 0 வந்தால் திறக்கும். இரண்டு உள்ளீடும் 1 ஆனால்தான் கீழ்ப்பாதை முழுதாகத் திறந்து வெளியீடு 0 ஆகும். ஏதாவது ஒன்று 0 ஆனாலும் போதும், கீழே அடைபடும், மேலே ஒரு வழி திறக்கும், வெளியீடு 1. நாண்ட் கேட்டின் அட்டவணை முழுவதும் இந்த நான்கு கதவுகள்தான்.

இந்தக் கதவுகளை அசைப்பது மின்னோட்டம் அல்ல, மின்னழுத்தம். உள்ளீட்டுக் கால் ஒரு மெல்லிய காப்புப் படலத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் மின்னோட்டம் கிட்டத்தட்டப் போவதே இல்லை. அதனால் பட்டனை விட்டதும் அங்கே தேங்கிய மின்னூட்டம் வடிய வழியில்லை. உங்கள் கையிலிருந்தோ பக்கத்து ஒயரிலிருந்தோ வரும் துளி மின்புலம்கூட அந்தக் காலின் மின்னழுத்தத்தை மேலும் கீழும் இழுத்துவிடும். 5 வோல்ட்டில் இந்தச் சிப் ஏறத்தாழ 1.5 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதை 0 என்றும், 3.5க்கு மேல் இருப்பதை 1 என்றும் எடுத்துக்கொள்ளும். நடுவில் நின்றால் மேல் கதவும் கீழ்க் கதவும் ஒருசேரப் பாதி திறந்து, மின்சாரம் வீணாக நேரே கிரவுண்டுக்கு ஓடும். அது சிப்புக்கு நல்லதல்ல.

சரி, தீர்வு சின்னதுதான். 1ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 2ஆம் காலிலிருந்து இன்னொன்று. பட்டனை விட்டதும் அது காலை 0க்கு இழுத்துப் பிடிக்கும். அழுத்தினால் ரெசிஸ்டர் வழியே அரை மில்லியாம்ப் மட்டும் போகும், கால் 1 ஆகும். பயன்படுத்தாத மற்ற மூன்று கேட்டுகளின் உள்ளீடுகளான 4, 5, 9, 10, 12, 13ஆம் கால்களையும் கிரவுண்டில் கட்டிவிடுங்கள். 6, 8, 11 வெளியீடுகள், அவற்றைச் சும்மா விடுங்கள். 14ஆம் காலுக்கும் (5 வோல்ட்) 7ஆம் காலுக்கும் (கிரவுண்ட்) இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் போடுங்கள்.

(பழைய 74எல்எஸ்00 வகையில் தொங்கும் காலை 1 என்றே எடுத்துக்கொள்ளும். அதை வைத்து எழுதிய பாடங்களைப் பார்த்து எச்சி வகையில் செய்தால் இதே குழப்பம்தான்.)

அப்புறம், மீதி மூன்று கேட்டையும் வீணாக்காதீர்கள். அந்தக் கிரவுண்ட் ஒயர்களைக் கழற்றிவிட்டு, 1ஐ 4க்கும், 2ஐ 10க்கும், 3ஐ 5, 9 இரண்டுக்கும், 6ஐ 12க்கும், 8ஐ 13க்கும் இணையுங்கள். 11ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு ஒரு எல்இடி. 3ஆம் காலில் இருக்கும் எல்இடியைத் திருப்பி, 5 வோல்ட்டிலிருந்து அதே மதிப்புள்ள ரெசிஸ்டர் வழியாக அந்தக் காலுக்கு வரும்படி மாற்றுங்கள். ஒரு பட்டனை அழுத்தினால் 11இன் எல்இடி எரியும். இரண்டையும் அழுத்தினால் அது அணைந்து 3இன் எல்இடி எரியும். ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் இரும எண்ணில் 10: எரியும் 3இன் எல்இடி அந்த 1, அணைந்த 11இன் எல்இடி அந்த 0. உங்கள் சிப் இப்போது கூட்டல் போடுகிறது.